கேலரி இருந்த இடத்தில் நூலகம்: ஒரு பல்கலைக்கழக அணியின் வரலாற்றைத் தேடியபோது

சிகாகோ பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிகளைப் பற்றி ஒரு சிறு கையேடு எழுதப்போகிறேன் என்று சொன்னபோது கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், "அங்கே அணிகள்கூட இருக்கின்றனவா?" என்றார்கள். நோபல் பரிசுக்கும் பொருளாதாரத்துக்கும் பெயர்போன இடம் என்பதால் அந்தக் கேள்வியில் தவறில்லை. ஆனால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் தொடக்கக் காலத்தைப் புரட்டினால் இந்தப் பெயரைத் தவிர்க்கவே முடியாது. பிக் டென் என்ற கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பை நிறுவிய ஏழு பல்கலைக்கழகங்களில் இது ஒன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடி ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி அளவில் மிகப் பெரிய தனிநபர் விருதான ஹைஸ்மன் கோப்பையை முதன்முதலில் வாங்கியவர் இங்கே படித்தவர். இத்தனையும் செய்துவிட்டு, உச்சத்திலிருந்து சரிந்த ஒரு நாளில், தன் அணியைத் தானே கலைத்தும் விட்டது.

பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஹைட் பார்க் பகுதியில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். பழைய மாணவர்கள் ஒன்றுகூடும் நாட்களில் வளாகத்தைச் சுற்றிக் காட்டும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. எங்களுக்குக் கையில் வைத்துக்கொள்ள நம்பகமான தகவல்கள் தேவைப்பட்டன. ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தோம். அவற்றில் சில ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. அந்தக் கையேட்டைத் தயாரித்தபோது கற்றவை, தன் கல்லூரி அணியின் வரலாற்றைத் தொகுக்க நினைக்கும் எவருக்கும் எந்த ஊரிலும் உதவும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. பல்கலைக்கழகத்தின் பழைய மைதானமான ஸ்டாக் ஃபீல்ட், 57-ஆம் தெருவின் வடக்கே இருந்தது. அதன் கேலரிகளை 1957-இல் இடித்தார்கள். 1970-இல் அந்த மண்ணில் ரெகன்ஸ்டைன் நூலகம் எழுந்தது. அணியின் கடிதங்களும் கணக்குப் புத்தகங்களும் ஒளிப்படங்களும் அந்த நூலகத்தின் சிறப்புத் தொகுப்புகள் பிரிவில்தான் இருக்கின்றன. எந்தப் பந்தயத்தைப் பற்றிப் படிக்கிறோமோ அது நடந்த இடத்தில் உட்கார்ந்தே அதைப் படிக்கலாம். இந்த வசதி வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்காவது வாய்த்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஆண்டுவிழா மலர்களிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே நான் முதலில் சொல்வது. மலர் என்பது வாழ்த்துவதற்காக எழுதப்படுவது. அதில் தோற்ற ஆட்டங்கள் சுருங்கும், வென்றவை வளரும். மாணவர் செய்தித்தாளிலிருந்து தொடங்குங்கள். இங்கே அது 'சிகாகோ மெரூன்'. அதன் பழைய இதழ்களை நூலகம் மின்வடிவில் ஏற்றி வைத்திருக்கிறது, வீட்டிலிருந்தே தேடலாம். 'கேப் அண்ட் கவுன்' என்ற மாணவர் ஆண்டுமலரும் கிடைக்கிறது. மின்வடிவத் தேடலில் ஒரு சிக்கல் உண்டு: பழைய அச்சு எழுத்துகளைக் கணினி பல இடங்களில் தப்பாக வாசித்திருக்கும். ஆட்டக்காரரின் பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. அப்போது எதிரணியின் பெயரையும் மாதத்தையும் கொண்டு தேடுங்கள், பெரும்பாலும் சிக்கிவிடும்.

அப்படித் தேடிப் படித்ததில் முதலில் என்னைக் கட்டிப்போட்டவர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லரின் பணத்தில் பிறந்த புதிய பல்கலைக்கழகம் அது. 1892 அக்டோபர் 1 அன்று வகுப்புகள் தொடங்கின. முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேல் பல்கலைக்கழகத்தில் தன்னிடம் படித்த ஸ்டாக்கை அழைத்துவந்து உடற்கல்வித் துறையைக் கையில் கொடுத்தார். வெறும் பயிற்சியாளராக அல்ல, நிரந்தரப் பணியுள்ள பேராசிரியராக. அன்றைய அமெரிக்காவில் பயிற்சியாளர்கள் சீசனுக்குச் சீசன் வந்துபோகிறவர்கள். ஆசிரியர் அவையில் ஒரு பயிற்சியாளருக்கு நாற்காலி போட்டது புதுமை. முதல் ஆண்டில் ஆள் போதவில்லை என்று பயிற்சியாளரே அமெரிக்கக் கால்பந்து அணியில் இறங்கி ஆடினார். தொடக்க ஆட்டங்களில் எதிரே நின்றவர்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பையன்கள்.

ஸ்டாக்கை ஹார்ப்பர் கூப்பிட்டது விளையாட்டின் மேலிருந்த காதலால் மட்டும் அல்ல. பழம்பெருமை இல்லாத பல்கலைக்கழகத்துக்கு நாளிதழ்களில் பெயர் அடிபட வேண்டும். நூலகம் நிறையப் பல காலம் ஆகும். அணி மூன்று நான்கு ஆண்டுகளில் தலைப்புச் செய்தி ஆகிவிடும். எந்த அணியின் வரலாற்றை எடுத்தாலும் இந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது: இந்த அணி யாருக்குத் தேவைப்பட்டது? பதில் மாறும்போது அணியின் தலையெழுத்தும் மாறுகிறது. இங்கே அரை நூற்றாண்டுக்குள் அது மாறியது.

தொடக்கத்தில் அணியின் நிறம் பொன்மஞ்சள். அழுக்கு பளிச்சென்று தெரிந்தது; 1894-இல் மெரூனுக்கு மாற்றினார்கள். அணியின் பெயரும் அதுவே ஆயிற்று. 1896-இல் இல்லினாய், மிச்சிகன், மினசோட்டா, நார்த்வெஸ்டர்ன், பர்டூ, விஸ்கான்சின் ஆகியவற்றோடு சேர்ந்து ஒரு கூட்டமைப்பை அமைத்தது. அதுதான் பின்னாளில் பிக் டென் ஆனது. அதே ஆண்டு ஜனவரியில் அயோவா நகரத்தில் நடந்த கூடைப்பந்து ஆட்டம் ஒன்றில் சிகாகோ 15-12 என்று வென்றது. பக்கத்துக்கு ஐந்து பேர் இறங்கிய முதல் கல்லூரி ஆட்டம் என்று அதைக் குறிப்பிடுவார்கள்.

இப்போது 1905-க்கு வருகிறேன். இந்த ஒரு சீசனுக்காக மட்டும் கையேட்டில் நிறைய இடம் எடுத்துக்கொண்டேன். அதற்காக நண்பர்களிடம் திட்டும் வாங்கினேன்.

மிச்சிகன் அப்போது அசைக்க முடியாத அணி. ஃபீல்டிங் யோஸ்ட் பயிற்சியில் 1901 முதல் 56 ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல் வந்திருந்தது; அவற்றில் ஒன்று மட்டும் சமநிலை. 1905 சீசனில் சிகாகோவுக்கு வரும்வரை அவர்கள் எடுத்த புள்ளிகள் 495, கொடுத்தவை சுழியம். நவம்பர் 30, நன்றி நவிலல் நாள். 25,000 பேருக்கு மேல் கூட்டம். சிகாகோவின் வால்டர் எக்கர்சால் உதைத்த பந்து மிச்சிகனின் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. அதைப் பிடித்த மிச்சிகன் வீரர் அங்கேயே நிற்காமல் முன்னேறி ஓடப் பார்த்தார். சிகாகோ வீரர்கள் அவரை அந்தக் கோட்டுக்குப் பின்னாலேயே தள்ளிச் சாய்த்துவிட்டார்கள். அதற்குச் சிகாகோவுக்கு இரண்டு புள்ளிகள். ஆட்டம் 2-0 என்று முடிந்தது. மிச்சிகன் அந்த ஆண்டு முழுவதும் விட்டுக்கொடுத்தது அந்த இரண்டு புள்ளிகளை மட்டும்தான்.

இந்த ஆட்டத்தைச் சிகாகோ பக்கத்தில் மட்டும் படித்தால் அது ஒரு வீரகாவியம். மிச்சிகன் பக்கத்துப் பத்திரிகைகளையும் எடுத்துப் படியுங்கள். நடுவர்களைப் பற்றிய புலம்பலும், பந்தைப் பிடித்த இளைஞர் மேல் கொட்டப்பட்ட வசையும் தெரியும். அந்த இளைஞர் வாழ்நாள் முழுவதும் அந்த ஓட்டத்தின் பெயராலேயே அறியப்பட்டார். இரு தரப்பையும் படித்த பிறகு நான் எழுதிய பத்தி, முதலில் எழுதியதைவிட நிதானமாக இருந்தது. எதிரணியின் நாளிதழ் இல்லாமல் எந்தப் பெரிய ஆட்டத்தைப் பற்றியும் எழுத வேண்டாம் என்று அடித்துச் சொல்வேன். வழக்கமாக எதிரணி நூலகத்திலும் மின்வடிவம் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு மின்னஞ்சல் போதும். நூலகர்கள் கேட்டால் கொடுக்கும் குணமுள்ளவர்கள்.

அதே 1905-இல் வேறொரு புயலும் அடித்தது. அமெரிக்கக் கால்பந்தில் இளைஞர்கள் காயம்பட்டு இறந்துகொண்டிருந்தார்கள். பணம் கொடுத்தும் சலுகை காட்டியும் ஆட்டக்காரர்களைப் பிடிக்கிறார்கள் என்று தேசிய இதழ்கள் தொடர்கட்டுரைகள் வெளியிட்டன. சிகாகோவின் பெயரும் அவற்றில் அடிபட்டது. நாடே கொண்டாடிய எக்கர்சாலின் படிப்புத் தகுதி கேள்விக்கு ஆளானது. அடுத்த ஆண்டு கூட்டமைப்பு கூடி, ஒரு சீசனுக்கு ஐந்து ஆட்டங்கள் என்று குறைத்துவிட்டது. முன்னோக்கிப் பந்தை எறிய விதி அனுமதித்ததும் 1906-இல்தான். மிச்சிகன் புதிய கட்டுப்பாடுகளில் கோபித்துக்கொண்டு கூட்டமைப்பிலிருந்து வெளியேறியது. திரும்பி வர 1917 ஆயிற்று. ஆக, அந்த 2-0 ஆட்டத்துக்குப் பிறகு இரண்டு அணிகளும் பல ஆண்டுகள் மோதவே இல்லை. ஸ்கோர் புத்தகத்தில் அந்த இடைவெளி வெறும் வெற்றிடமாகத் தெரியும். ஆசிரியர் அவைக் குறிப்புகளைப் படித்தால்தான் அது எதனால் வந்தது என்று புரியும். அட்டவணையில் காலியாக இருக்கும் ஆண்டுகளைப் பார்த்தால் நின்று விசாரியுங்கள்; அங்கேதான் ஏதாவது நடந்திருக்கும்.

பட்டங்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. சிகாகோ 1905-இலும் 1913-இலும் அமெரிக்கக் கால்பந்தில் தேசிய சாம்பியன், 1907 முதல் 1909 வரை கூடைப்பந்தில் தேசிய சாம்பியன் என்று பல பட்டியல்களில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அப்படி யாரும் கூடிக் கோப்பை கொடுக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் இயங்கிய ஹெல்ம்ஸ் அறக்கட்டளை போன்றவை பல பத்தாண்டுகள் கழித்துப் பழைய கணக்குகளைப் பார்த்து அறிவித்தவை. பட்டம் பொய் என்று சொல்லவில்லை. அந்த அறிவிப்பு ஆட்டங்கள் நடந்த ஆண்டுகளில் வந்ததல்ல என்பதைச் சொல்கிறேன். எந்தப் பட்டத்தையும் எழுதும்போது யார் கொடுத்தது, எந்த ஆண்டு கொடுத்தது என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கூட்டமைப்பின் பட்டங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் சிகாகோவுக்கு அவை ஏழு. கடைசியாக வென்றது 1924-இல்.

எனக்கு மிகவும் பிடித்த கோப்பு ஜப்பானைப் பற்றியது. 1910-இல் சிகாகோவின் பேஸ்பால் அணி கப்பலேறி டோக்கியோ போய் வசேடா, கெயோ பல்கலைக்கழகங்களோடு ஆடி வென்று திரும்பியது. இந்த உறவின் பின்னால் இருந்த ஃபிரெட் மெரிஃபீல்ட், சிகாகோவில் ஆடியவர். ஊழியத்துக்காக ஜப்பான் சென்று வசேடா மாணவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர். வசேடாவின் சீருடை நிறத்துக்கே சிகாகோவின் மெரூன்தான் மூலம் என்று அந்தப் பல்கலைக்கழகத்தாரே சொல்கிறார்கள். 1930 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தப் பயணம் நடந்தது. பிறகு உலகம் போர் பக்கம் திரும்பிவிட்டது. அமெரிக்கக் கால்பந்துக்குக் கொடுத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இதற்கு எந்த மலரும் கொடுக்கவில்லை.

சரி, சரிவுக்கு வருவோம். ஹைட் பார்க்கில் இன்றும் ஒரு கதை உலவுகிறது: ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் என்ற இளம் தலைவர் வந்தார், விளையாட்டை வெறுத்தார், ஒரே உத்தரவில் தடை செய்தார் என்று. சுருக்கமாகச் சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. காகிதங்கள் வேறு மாதிரி பேசுகின்றன.

ஹட்சின்ஸ் 1929-இல் தலைவரானபோது அவருக்கு வயது முப்பது. அதற்கு முன்பே அணி தளர்ந்துவிட்டது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் மாணவர் எண்ணிக்கையில் வீங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் உடற்கல்விப் பட்டப்படிப்பு இருந்தது, ஆட்டக்காரர்களை அதில் சேர்த்துக்கொள்ள முடிந்தது. சிகாகோவிலோ இளநிலை மாணவர்கள் குறைவு, தேர்வுகளோ கடுமை. எழுபது வயதில் ஸ்டாக்கைக் கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள். ஓய்வு அவருக்குப் பிடிக்கவில்லை. கலிஃபோர்னியாவில் பசிஃபிக் கல்லூரிக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டார். 1938 நவம்பரில் அந்தக் கல்லூரி அணியோடு அவர் சிகாகோ திரும்பி வந்தார். தன் பெயரையே தாங்கிய மைதானத்தில் சிகாகோவை 32-0 என்று தோற்கடித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஆண்டுக் கணக்கை அப்படியே தருகிறேன். பெலாய்ட்டிடம் 0-6. ஹார்வர்டிடம் 0-61. மிச்சிகனிடம் 0-85. வர்ஜீனியாவிடம் 0-47. ஒஹாயோ ஸ்டேட்டிடம் 0-61. இல்லினாயிடம் 0-46. வபாஷ், ஓபர்லின் என்ற இரு சிறிய கல்லூரிகளை மட்டும் வென்றது. 85 புள்ளிகள் அடித்த மிச்சிகன் அணியின் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர், சிகாகோவில் ஸ்டாக்கிடம் ஆடப் பழகியவர். 1939 டிசம்பர் 21 அன்று அறங்காவலர் குழு அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகளிலிருந்து விலக முடிவெடுத்தது. ஹட்சின்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே ஒரு பிரபல வார இதழில் கல்லூரிக் கால்பந்தின் பண ஆசையைக் கிழித்து எழுதியிருந்தார். அவர் தள்ளினார் என்பது உண்மை. ஆனால் கதவு ஏற்கெனவே திறந்து கிடந்தது.

இங்கே பலரும் தவறவிடும் ஒன்று: நிறுத்தப்பட்டது அந்த ஓர் ஆட்டம் மட்டும். கூடைப்பந்து, நீச்சல், தடகளம், ஜிம்னாஸ்டிக்ஸ், வாள்வீச்சு எல்லாம் தொடர்ந்தன. பிக் டென்னிலிருந்து சிகாகோ விலகியது 1946-இல்தான். அதன் பிறகும் உறவு முறியவில்லை. 1958-இல் அதே பல்கலைக்கழகங்கள் கல்விப் பணிகளுக்காக ஒரு கூட்டுக் குழு அமைத்தபோது சிகாகோ அதில் சேர்ந்து 2016 வரை இருந்தது. ஆடுகளத்தை விட்டுப் போனவர்கள் நூல்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே "விளையாட்டு நிறுத்தப்பட்டது" என்று எங்காவது படித்தால், எந்த ஆட்டம், எந்த ஆண்டு, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு என்று மூன்றையும் கேளுங்கள். பல்கலைக்கழக அணி ஒன்று மன்ற அணியாகத் தாழ்வதும், பிறகு மீண்டும் உயர்வதும் எல்லா ஊரிலும் நடக்கிறது. மலர்கள் இந்த நுணுக்கத்தை விழுங்கிவிடும்.

உடற்பயிற்சி செய்யத் தோன்றினால் அந்த எண்ணம் போகும்வரை படுத்துக்கொள்வேன் என்ற வாசகத்தை ஹட்சின்ஸ் பெயரில் சொல்லாத வழிகாட்டி எங்கள் குழுவில் இல்லை. அதே வாசகம் மார்க் ட்வைன் உட்பட வேறு பலர் பெயரிலும் சுற்றுகிறது. கையேட்டிலிருந்து அதை எடுத்துவிட்டோம். ஒரு நண்பருக்கு மனமே இல்லை. அது இல்லாமல் தன் சுற்றுலாவில் யாரும் சிரிப்பதில்லை என்றார்.

கதைகள் எல்லாமே பொய்யாகிவிடுவதில்லை. தொடக்கத்தில் சொன்ன ஹைஸ்மன் கோப்பையை வாங்கிய ஜே பெர்வாங்கரின் கதை உண்மை. 1935-இல் நியூயார்க் டவுன்டவுன் அத்லெடிக் கிளப் முதன்முறையாகக் கொடுத்த விருது அது. ஹைஸ்மன் பெயர் அடுத்த ஆண்டுதான் வைக்கப்பட்டது. அந்தக் கோப்பையை அவருடைய அத்தை வீட்டில் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். இப்போது அது ராட்னர் விளையாட்டு மையத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1936-இல் தொழில்முறை அணிகள் முதன்முறையாகக் கல்லூரி வீரர்களைத் தேர்வு செய்தபோது முதல் பெயரும் அவருடையதுதான். சம்பளம் படியவில்லை, தொழில்முறையில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வியாபாரத்துக்குப் போய்விட்டார். 1934-இல் மிச்சிகனுக்காக ஆடிய ஓர் இளைஞர் அவரை மடக்கப் பாய்ந்து கண்ணுக்குக் கீழே வெட்டு வாங்கினார். அந்தத் தழும்போடுதான் ஜெரால்ட் ஃபோர்ட் பின்னாளில் அமெரிக்க அதிபரானார்.

அணு உலைக் கதை இன்னொன்று. ஊரிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த ஒரு பெரியவர் நடந்துகொண்டே கேட்டார்: "ஏம்மா, அணு உலை மைதானத்துக்கு அடியில்தானே இருந்தது?" பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். "இல்லை ஐயா, மேற்குக் கேலரிக்குக் கீழே. ஸ்குவாஷ் ஆடுவதற்கென்று கட்டிய கூடம்" என்றேன். 1942 டிசம்பர் 2 அன்று பிற்பகல் என்ரிகோ ஃபெர்மியின் குழு அங்கேதான் தானே நீடிக்கும் முதல் அணுக்கருத் தொடர்வினையை நடத்தியது. அமெரிக்கக் கால்பந்து நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்ததால் கேலரி வெறிச்சோடிக் கிடந்தது. அந்த வெறுமைதான் இயற்பியலாளர்களுக்குக் கைகொடுத்தது. "அப்படியானால் தோற்றதும் நல்லதற்குத்தான்" என்றார் பெரியவர். அதற்கு என்ன பதில் சொல்வது? அந்த வினையின் முடிவு எங்கே போய் நின்றது என்று இருவருக்கும் தெரியும். இப்போது அந்த இடத்தில் ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிற்பம் இருக்கிறது.

இதே கேலரியோடு தொடர்புடைய ஒரு பெரிய முரசும் உண்டு. 1922-இல் சிகாகோவின் வாத்தியக் குழுவுக்காகச் செய்த அந்த 'பிக் பெர்த்தா', அணி போன பிறகு வேலையில்லாமல் கேலரிக்குக் கீழே கிடந்தது. கதிர்வீச்சுப் பட்டுவிட்டது என்ற பேச்சோடு, 1950-களில் டெக்சஸ் செல்வந்தர் ஒருவர் ஒரு டாலருக்கு வாங்கித் தம் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். பல பத்தாண்டுகள் அது அங்கே முழங்கியது. பொருள்களின் கைமாற்றத்தைப் பின்தொடர்வது வரலாற்றுக்கு நல்ல வழி: கோப்பை, முரசு, கொடி, பழைய சீருடை. பொருளுக்கு ரசீது இருக்கும், தேதி இருக்கும். நினைவுக்கு அது இருக்காது.

அமெரிக்கக் கால்பந்து 1960-களில் மெல்லத் திரும்பியது. 1963-இல் ஓர் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தபோது மாணவர்களே மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து மறித்தார்கள், போலீஸ் வந்தது. அணி வேண்டாம் என்று மாணவர்கள் போராடிய பல்கலைக்கழகத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. 1969-இல் அது முறையான பல்கலைக்கழக அணியாக மீண்டது. இப்போது உதவித்தொகை கொடுத்து ஆட்டக்காரர்களை எடுக்காத, கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. 1986-இல் சிகாகோவும் இன்னும் சில ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரு புதிய கூட்டமைப்பை அமைத்தன. நியூயார்க், ராச்செஸ்டர், எமரி, செயின்ட் லூயி வாஷிங்டன் என்று விமானம் ஏறிப் போய் ஆடிவிட்டு, விமானத்திலேயே பாடம் படித்துக்கொண்டு திரும்புகிறார்கள். 2022-இல் ஆண்கள் சாக்கர் அணி, நம் ஊரில் கால்பந்து என்றால் எதைச் சொல்வோமோ அந்த ஆட்டத்தில், மூன்றாம் பிரிவின் தேசியப் பட்டத்தை வென்றது. அப்போதைய பயிற்சியாளர் ஜூலியான் சிட்ச். ஆண்கள் சாக்கரில் ஓர் அணியைத் தேசியப் பட்டத்துக்குக் கொண்டுபோன முதல் பெண் அவர்.

பெண்களைப் பற்றிய பகுதிதான் எனக்கு அதிக உழைப்பைக் கேட்டது. கெர்ட்ரூட் டட்லி என்பவர் 1898 முதல் 1935 வரை பெண்களின் உடற்கல்வியை நடத்தினார். 1916-இல் திறந்த ஐடா நாய்ஸ் மாளிகையில் பெண்களுக்கென்றே உடற்பயிற்சிக் கூடமும் நீச்சல் குளமும் இருந்தன. கூடைப்பந்து, ஹாக்கி, பேஸ்பால் எல்லாம் ஆடினார்கள். ஆனால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே, வகுப்புக்கு எதிராக வகுப்பு. வெளி அணிகளோடு மோதாததால் அவர்கள் எந்தப் "பல்கலைக்கழக அணிகள்" பட்டியலிலும் வருவதில்லை. பட்டியலை மட்டும் நம்பினால் 1970-களுக்கு முன் இந்த வளாகத்தில் பெண்கள் பந்தையே தொடவில்லை என்று முடிவுகட்ட வேண்டியிருக்கும். விளையாட்டுத் துறைக் கோப்புகளில் தேடாதீர்கள். பெண்கள் சங்கக் கோப்புகள், ஆண்டுமலரின் பின்பக்கங்கள், கட்டடத் திறப்புவிழாக் காகிதங்கள் ஆகியவற்றில் தேடுங்கள். 1966-இல் வந்த மேரி ஜீன் மல்வேனி, பின்னாளில் ஆண்கள், பெண்கள் இரு பிரிவுகளையும் சேர்த்து நடத்தும் தலைவரானார். அன்றைக்கு அந்தப் பதவியில் ஒரு பெண் இருப்பது நாட்டிலேயே மிக அரிது. புதிய கூட்டமைப்பு உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

பட்டியலுக்கு வெளியே நின்ற இன்னொரு கூட்டம், டெட் ஹேடன் நடத்திய சிகாகோ பல்கலைக்கழகத் தடகள மன்றம். பெயரில் பல்கலைக்கழகம் இருந்தாலும் ஊர்க்காரர் எவரும் சேரலாம். 1976 ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் வெண்கலம் வென்ற ரிக் வோல்ஹூட்டர் இந்த மன்றத்துக்காக ஓடியவர். அலுவல்முறைப் பட்டியலில் இடம் இல்லை என்பதற்காக இவர்களை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. தனிப் பத்தியாகப் போட்டேன்.

கையேடு அச்சானபோது அதில் ஆட்டங்களின் ஸ்கோர்களைவிட ஒரு சாதாரண அட்டவணைதான் அதிகம் பயன்பட்டது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, எப்போது திரும்பியது, எந்த நிலையில், எந்தக் காகிதத்தில் இது இருக்கிறது என்று ஐந்து கட்டங்கள். கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். மறு ஆண்டு யாராவது கேள்வி கேட்கும்போது அது ஒன்றுதான் காப்பாற்றும்.

பெண்கள் பகுதியில் இன்னும் வெற்றுக் கட்டங்கள் இருக்கின்றன, நிரப்பிக்கொண்டிருக்கிறேன். முன்னாள் ஆட்டக்காரர்களிடம் பேசும்போது, "நினைவிருக்கிறதா?" என்று கேட்பதைவிட "படம் இருக்கிறதா?" என்று கேட்பது பலன் தருகிறது. படத்தைக் கையில் எடுத்ததும் பெயர்கள் தாமாக வருகின்றன. அந்தப் பெயர்களை அப்போதே படத்தின் பின்புறம், இடமிருந்து வலமாக, ஆண்டோடு எழுதிவிடுங்கள். மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும்.